கத்திரி வெயிலும் கண்ணாடி அறையும்

செஞ்சிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் கோட்டை நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்று குன்றுகளுமே உருண்டு திரண்ட கருங்கல் பாறைகள். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை ஊருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டாலும் முதுகு கொதிக்கும். இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஆசனம் கற்றேன். வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம்.

எழுபதுகளில் எங்கள் பள்ளியில் ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். விருப்பப்பட்ட பையன்களை விடியற்காலையில் கோட்டை அடிவாரத்துப் பாறைக்கு வரச் சொல்வார். காசு கிடையாது. வெறும் வயிறு, ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். யோகாவுக்கென்று பாய் விற்பார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியாது. வீட்டிலிருந்து கோணிச்சாக்கைக் கொண்டுபோய் இரண்டாக மடித்து விரிப்போம். சாக்கின் இழை முழங்கையில் பதிந்து கட்டம் கட்டமாகத் தடம் விழும். முதல் பீரியட் முடியும்வரை அது மறையாது.

புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம். இந்த மூன்றில்தான் ஆரம்பம். சார் பின்னால் வந்து நின்று எங்கள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பார். இரைத்தால் அடுத்த ஆசனம் கிடையாது. சர்வாங்காசனத்துக்கு அவர் தலையசைப்பதற்குள் எனக்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. பக்கத்துச் சாக்கில் இருந்தவன் அதற்குள் மயூராசனத்துக்குப் போய்விட்டான். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தார். ராஜகிரி உச்சியில் முதல் வெளிச்சம் பட்டு, அது பாறை பாறையாக இறங்கி எங்களிடம் வருவதற்குள் சவாசனம் முடிந்திருக்க வேண்டும். "வெயில் ஏறினா பித்தம் ஏறும், எழுந்திருங்கடா" என்பார்.

அது அவர் சொந்தச் சரக்கு இல்லை என்பது திருமந்திரத்தைப் படித்தபோது தெரிந்தது. மூன்றாம் தந்திரத்தில் யோகத்தை விரிக்கும் திருமூலர், பயிற்சி செய்யும் பொழுதையும் மருந்தாகவே வகுக்கிறார். அந்தியில் செய்தால் கபம் போகும், நண்பகலில் செய்தால் வாதம் போகும், காலையில் செய்தால் பித்தம் போகும் என்கிறார். நண்பகலை அவர் விலக்கவில்லை. ஆனால் செஞ்சி மாதிரி பித்தத்தைக் கிளப்பும் ஊரில் காலையைப் பிடித்துக்கொண்ட எங்கள் சார், நூலையும் ஊரையும் சேர்த்துப் படித்தவர்.

டொரன்டோவில் இருக்கும் என் அக்கா மகள் விடுமுறையில் வந்திருந்தாள். அங்கே அவள் போவது 'ஹாட் யோகா' வகுப்பு. "வெளியில மைனஸ் பதினஞ்சு மாமா. உள்ள நுழைஞ்சா நாப்பது. ஒரு மணி நேரத்துல டவல் பிழியலாம்" என்றாள். அவள் சொன்ன நாற்பது நம்மூர் கத்திரி வெயிலின் உச்சிப்பொழுது. பனியில் விறைத்துப்போன தசைக்குச் சூடான அறை எவ்வளவு இதமாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த அறையின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி விஷ்ணு சரண் கோஷ் அங்கே 1923இல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். வருகிறவரின் நோயைக் கேட்டு, அவருக்கென்று சில ஆசனங்களை மட்டும் எழுதிக்கொடுப்பது அங்கே வழக்கம். அவரிடம் பயின்றதாகச் சொல்லிக்கொண்ட விக்ரம் சௌத்ரி எழுபதுகளில் அமெரிக்கா போய் அதை வேறாக மாற்றினார். 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், ஏறத்தாழ 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பம், 40 சதவீத ஈரப்பதம், எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜப்பானில் குளிர்காலத்தில் பாடம் எடுத்தபோது ஹீட்டர் வைத்ததிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்பது அவரே சொன்ன கதை. புதிதாக வந்தவருக்கும் பத்து வருடம் செய்தவருக்கும் அதே வரிசை, அதே வேகம். சூரிய நமஸ்காரம் இல்லை, சிரசாசனம் இல்லை. ஆளுக்கேற்ற ஆசனம் என்ற கல்கத்தா வழக்கம் இதில் அடியோடு போய்விட்டது. எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான்.

அந்த வரிசைக்கே காப்புரிமை வேண்டும் என்று அவர் வழக்காடினார். ஆசன வரிசை உடல்நலத்துக்கான ஒரு முறை, அதற்குக் காப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் மீது பெண்கள் பலர் பாலியல் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு, அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகருக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் தரும்படி முடிவு சொன்னது. பிறகு அவர் அந்த நாட்டிலேயே இல்லை. பல கூடங்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு வெறும் 'ஹாட் யோகா' என்று போட்டுக்கொண்டன. 2004இல் டொரன்டோவில் தொடங்கி இப்போது 'மோடோ' என்று வழங்கும் முறை, வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்து ஆசனங்களை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஓட்டமாகச் செய்யும் 'ஹாட் வின்யாசா', இளஞ்சூட்டில் நெடுநேரம் அசையாமல் இருக்கும் 'யின்' என்று கிளைகள் பெருகிவிட்டன. நம் பெருநகரங்களிலும் கண்ணாடி அறைகள் வந்துவிட்டன.

ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. இதே 26 ஆசனங்களை ஒரு குழுவுக்குச் சூடான அறையிலும் இன்னொரு குழுவுக்கு 23 டிகிரி அறையிலும் 12 வாரம் கற்பித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2018இல் வெளியானது. சூடில்லாத அறையில் செய்தவர்களுக்கும் ரத்தக்குழாய்கள் விரியும் திறன் கூடியிருந்தது. அதற்கு வெப்பம் தேவைப்படவில்லை. உடல் கொழுப்பு குறைந்தது மட்டும் சூடான அறைக்காரர்களுக்கு. மனச்சோர்வுக்குச் சூடான யோகா உதவுகிறது என்று பாஸ்டனில் நடந்த ஆய்வும் உண்டு. ஆனால் அதில் ஒப்பிட்டது யோகா செய்யாமல் காத்திருந்தவர்களோடு, சாதாரண யோகா செய்தவர்களோடு அல்ல.

அடிநூல் என்ன சொல்கிறது? சுமார் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையைப் பாருங்கள். பிராணாயாமத்தின் முதல் படியில் வேர்வை வரும், இரண்டாம் படியில் உடம்பு நடுங்கும், அதற்கு மேல் நிலைபெறும் என்று படி வைக்கிறது. பயிற்சியில் வந்த வேர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதே நூல், பழகத் தொடங்குபவர் நெருப்பின் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. வேர்வை மூச்சிலிருந்து வர வேண்டும், அறையிலிருந்து அல்ல. எங்கள் சார் காது கொடுத்துக் கேட்டது அந்த மூச்சைத்தான்.

வெயிலில் உடம்பை வருத்தும் மரபு நமக்குக் கிடையாதா என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்றம். பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதை அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. அவளை அங்கே கூட்டிப்போனபோது காலை எட்டு மணிக்கே அந்தப் பாறையில் உள்ளங்காலை வைக்க முடியவில்லை. அவள் செருப்பைத் தேடி ஓடினாள். அந்தப் பாறையும் அந்த நோன்பும் எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கு. அலுவலகம் போய், பிள்ளை வளர்த்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு நம்மவர்கள் வகுத்தது ஆசனமும் அதிகாலையும். இரண்டையும் ஒரே அறையில் அடைத்து ஒரே கட்டணத்தில் விற்பதுதான் பிசகு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் ஒன்றாக எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இது ஒன்றுதான். வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்க்கிறார்கள், நெற்களஞ்சியத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டப்படும் கட்டடம் இருக்கிறது. அங்கே நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஏறத்தாழ 800 அடி உயர ராஜகிரியைக் காக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு உடம்பு வேண்டும் என்று அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் டிரில் பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தைக் கணக்கும் அறிவியலும் வாங்கிக்கொள்கின்றன. யோகா வேண்டுமென்றால் மாதக் கட்டணம், பாய், பாட்டில், உடை. ஊரில் மூத்தவர்கள் சிலர் இன்னும் விடியலில் ஆசனம் போடுகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் பிள்ளைகள் இல்லை.

சூடான அறைக்குப் போகிறவர்கள் போகட்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். சூட்டில் தசை இளகுவதை நம்பி மூட்டை அளவுக்கு மீறி வளைக்காதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் வெளியே வந்துவிடுங்கள்.

செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் பள்ளி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரார்த்தனைக்கு முன்னால் அரை மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஆசனத்துக்காகக் கொடுங்கள். மூச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரை அதற்குப் போடுங்கள்.