இசட் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று தரம் பிரிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் தேட வேண்டாம், இருக்காது. எக்ஸுக்கும் ஒய்க்கும்தான் பெயர் போட்டிருக்கிறீர்கள், மிச்சமெல்லாம் இசட்.

5 லட்சம் தலை தேறாத ஊரில் வீட்டு வாடகைப்படியாக அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் போதும் என்பது தங்கள் தீர்ப்பு. மதுரைக்கு 20, சென்னைக்கு 30. ஆக, 18,000 ரூபாயில் வேலைக்குச் சேரும் மத்திய அரசு ஊழியருக்கு இங்கே 1,800 ரூபாய். அந்தக் காசுக்கு ஊருக்குள் என்ன கிடைக்கும் என்று விசாரித்தேன். பைக் நிறுத்த இடம் இருக்கிறது என்றார் ஒருவர். மேலே ஷீட் போட்டிருக்கிறதா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அந்தத் தலைகளையும் 2011-ல் எண்ணியதோடு சரி. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குள் வியட்நாமிலிருந்து கார் கம்பெனியே வந்து ஆலை திறந்துவிட்டது. விமான நிலையத்துக்குப் புது முனையமும் வந்தாயிற்று. எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் பேப்பர் படிக்கிறவர்கள். கணக்கெடுப்புக்கெல்லாம் காத்திருக்காமல் வாடகையை ஏற்றிவிட்டார்கள்.

கடல் தனியாக வசூலிக்கிறது. பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த இரும்பு கேட், ஆடிக்குள் கொப்புளம் கொப்புளமாகத் துரு கட்டி நிற்கும். நகத்தால் கீறினால் அப்பளமாக உதிரும். மொட்டை மாடியிலுள்ள ஏசி பெட்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக், "கடல் காத்துல்லா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்கும் சேர்த்துத்தான் பில்.

மீனாவது மலிவாக இருக்கும் என்று டெல்லியில் நினைப்பீர்கள். சீலா கரையேறினால் ஏலம். நல்ல உருப்படியெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூர் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், அந்த 61 நாளும் நாட்டுப்படகில் வந்ததுதான் மீன், சொன்னதுதான் விலை. எங்கள் வீட்டில் சாளைக்குப் பதவி உயர்வு கொடுத்து, விருந்தாளி வந்தால் வைக்கும் மீனாக்கிவிட்டோம். இங்கே மலிவு என்றால் உப்பு ஒன்றுதான். தயவுசெய்து அதைக் காரணம் காட்டி 10 சதவீதத்தையும் குறைத்துவிடாதீர்கள்.

ஊரை ஒய்க்கு உயர்த்துங்கள் என்று கேட்க நான் யார்? ஒரு சுற்றறிக்கை போதும்: இசட் ஊரில் வீட்டுக்காரர், மெக்கானிக், மீன் ஏலக்காரர் எல்லோரும் இசட் ரேட்டுதான் வாங்க வேண்டும்.

அதுவும் முடியாதென்றால் தாங்களே மாற்றலாகி வாருங்கள். மில்லர்புரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அட்வான்ஸ் தனி. குடிவரப்போவது மத்திய அரசு அதிகாரி என்றதும் வீட்டுக்காரர், "அப்ப வாடகைப்படி நல்லா வருமே" என்று சொல்லி, முதலில் கேட்டதற்கு மேல் இரண்டாயிரம் கூட்டிவிட்டார்.

இப்படிக்கு,
இசட் ஊர்க்காரன்