துரை பார்த்த மலையும் கூடைக்காரி பார்த்த துரையும்

1867-ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம். நட்டார் என்றால் அவரேதான் நட்டார். காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, கான் வெட்டி, குழி தோண்டி, கன்று சுமந்து, 19 ஏக்கரையும் தனியாளாக முடித்துவிட்டுத்தான் சாயந்தரம் பங்களாவுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர். இந்த வேலைக்கு டெய்லருக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்று எந்தச் சரித்திரப் புத்தகமும் சொல்லவில்லை. 1892-இல் அவர் செத்தபோது உடலைக் கண்டிக்குச் சுமந்து போக 24 ஆட்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள் என்பார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் ஒருவரும் தேவைப்படவில்லை போலும்.

டெய்லர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்துத் துரைமாரில் அவர் தங்கம் என்றுதான் கேள்வி. கதையை எழுதியவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்பதுதான் சங்கதி. பங்களா மேட்டில், ஆட்களின் வரிசை வீடான லயம் பள்ளத்தில். மேட்டு விறாந்தையில் நாற்காலி போட்டுப் பார்த்தால் மலைச்சரிவில் கூடைகள் நகர்வது தெரியும். கூடைக்குக் கீழே இருப்பது தெரியாது. டொனா ஹராவே என்ற அமெரிக்க அம்மையார் 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கேயும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அறிவு, கடவுள் காட்டும் கண்கட்டு வித்தை மாதிரி என்றார். பாவம், அவர் ஹட்டன் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. வந்திருந்தால் அந்தக் கடவுளின் விலாசத்தையே எழுதிக் கொடுத்திருப்போம்: பெரிய பங்களா, மேல் டிவிசன்.

துரைமார் நம்மைப் படிக்காமல் இல்லை. கப்பலில் வந்து இறங்கும் சின்னத்துரைக்குத் தமிழ் பழக்க 19-ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் ஒரு கைப்புத்தகம் போட்டார்கள். ஏ.எம். பெர்குசன் எழுதியது. அதன் பெயர் 'இங்கே வா'. ஒருவனோடு பேசப் பழகுகிறவனுக்கு முதல் பாடம், அவனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்துவது! துரையிடம் எப்படிப் பேசுவது என்று லயத்துக்கு ஒரு புத்தகமும் யாரும் போடவில்லை. தேவையும் இல்லை. பங்களாவில் சமைக்க அப்பு, பிள்ளை பார்க்க ஆயா, பூப்பாத்திக்குத் தோட்டக்காரன் என்று நம்முடைய ஆராய்ச்சியாளர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். துரை ராத்திரி எத்தனை கிளாஸ் குடித்தார், துரைசானி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், கொழும்புக் கொம்பனியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு யாரை ஏசினார் என்பதெல்லாம் ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னமே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வெளியாகிவிடும். துரையின் மனநிலை தெரிந்தால்தான் அன்றைய பேர் தப்பும். லயத்தின் மனநிலை தெரியாவிட்டாலும் துரைக்குச் சம்பளம் வந்துவிடும். ஆண்டானை அடிமை அறிந்திருப்பதுபோல் அடிமையை ஆண்டான் அறிவதில்லை என்ற யோசனைக்கு வித்து, தத்துவஞானி ஹெகல் 1807-இல் போட்டது. பெண்ணியவாதி நான்சி ஹார்ட்சாக் 1983-இல் அதைப் பெண்கள் பக்கம் திருப்பிவைத்தார். நம்முடைய அப்புமாருக்கு இரண்டு பேரையும் தெரியாது. தொழில் மட்டும் தெரியும்.

நிற்கிற இடம் முக்கியம் என்று பாடம் எடுக்கத் தேயிலை மலையில் கரும்பலகை வேண்டாம், கொழுந்துத் தராசு போதும். தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்திருக்கும். முதுகு கூடைக்காரியைப் பார்த்திருக்கும். முள் எங்கே நின்றது என்பதை அவர் பார்ப்பார், இவள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, முத்தல் இலைக்குக் கழிவு. அவளிடமும் ஒரு தராசு உண்டு. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தித் தடம் விழுந்த நெற்றிதான் அது. அந்த நெற்றியோடு மேடேறி வந்தவளுக்குக் கொழுந்தின் நிறை தெரியாதா? தெரியும். ஆனால் செக்றோல் என்ற பேரேட்டில் ஏறுவது முள் சொன்ன கணக்கு. நெற்றி சொன்ன கணக்கை எழுத அதில் கட்டம் போடவில்லை.

நியாய அநியாயமும் மேடு பள்ளம் பார்த்துத்தான் நடந்தது. 1865-இன் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போன கூலிக்குச் சிறை. பிறகு துண்டு முறை. ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடனை ஒரு துண்டில் எழுதி, அதைத் தீர்க்கிற துரைக்கு ஆள் கைமாறும். மேட்டில் அதற்குப் பெயர் வியாபார ஒழுங்கு. பள்ளத்தில் மனுசனை விற்கிற சீட்டு. 1921-இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நான்கே வருசத்தில், 1925-இல், தேயிலைச் செடியின் சுகதுக்கத்தை ஆராய ஒரு நிலையம் பிறந்தது. இன்றும் தலவாக்கலையில் இருக்கிறது. செடிக்குக் கொடுப்பினை.

பள்ளத்தில் நின்றவனெல்லாம் ஞானி என்று சொல்ல வரவில்லை. லயத்துக்குள்ளும் ஒரு பங்களா இருந்தது. பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிக்குத் துரை. சாதி, லயத்துக் காம்பராக்களையும் மேடு பள்ளமாகப் பிரித்தது. எல்லாருக்கும் கீழே நின்றவள் கொழுந்து பறித்த பெண். கோழி கூவ எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாளெல்லாம் பறித்து, சம்பள நாளில் தன் காசைப் புருசனோ தகப்பனோ எண்ணி வாங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தவள். முதலாளித்துவத்தைப் பற்றித் தொழிற்சங்க மேடையில் முழங்கிய ஆம்பிளைகளுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை. அவர்களுக்கும் ஒரு விறாந்தை இருந்தது.

சிலர் இடம் மாறி நின்று பார்த்தார்கள். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் அதில் கெட்டிக்காரர். வெளியாள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேசத்தில் நுழைந்தார். பிராமணர் தோளில் துணி மூட்டை! 1931-இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கினார். அவர் பேச, மனைவி மீனாட்சி அம்மாள் பாட, துரைமாருக்குத் தூக்கம் போனது.

அடுத்தவர் வெள்ளைக்காரர். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியா போய் 1936-இல் இங்கே துரைத்தொழில் பழக வந்த மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டம். லயத்துக்கு வைத்தியமும் பள்ளிக்கூடமும் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டார், வேலை போனது. 1937 ஏப்ரல் 3-இல் நாவலப்பிட்டியில் இடதுசாரிச் சமசமாஜக் கட்சி மேடையேறி, மலைமேல் தெரிந்த வெள்ளைப் பங்களாக்களைக் காட்டிப் பேசினார். கூட்டத்துக்கு அது புதுச் செய்தி இல்லை. வெள்ளைக்காரன் வாயால் கேட்டதுதான் புதுசு. துரைமார் பதறினார்கள், தேசாதிபதி ஸ்டப்ஸ் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார். பிரேஸ்கேர்டில் ஒளிந்துகொண்டார். கூலி போனால் குற்றம் என்ற மலையில், துரை போகாவிட்டால் குற்றம்! மே 18-இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்து அவரை விடுவித்தது.

வந்து ஒரு வருசமான வெள்ளைக்காரரை நினைத்தபடி துரத்த முடியாது என்று சட்டம் சொன்ன அதே நாட்டில், நூறு வருசத்துக்கு மேல் மலையை வெட்டித் திருத்தியவர்களின் வாரிசுகளுக்கு 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள். முந்தின வருசம்தான் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1949-இல் வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தராசு பிடித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். முள் எந்தப் பக்கம் நின்றது என்று நிறுக்கப்பட்டவர்களிடம் யாரும் காட்டவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் நிறைவேறியது 2003-இல். டெய்லர் தேயிலை நட்டு அப்போது 136 வருசம்.