நூறு தோட்டாக்களும் ஒரு குடும்பஸ்தனும்

அமெரிக்கக் குற்றக் காமிக்ஸ் நாயகன் எவனும் கேஸ் சிலிண்டர் புக் செய்து நான் பார்த்ததில்லை. மழை கொட்டும், நியான் விளக்கு மினுக்கும், ஐயா தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு இருட்டுச் சந்துக்குள் நடப்பார். வரும்போது கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கி வரச்சொல்லி அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. என் வீரமெல்லாம் அந்த ஒரு போனில்தான் கரைந்துபோகிறது.

இந்தக் காமிக்ஸ் பழக்கம் சின்ன வயதில் தொற்றியது. தமிழ்க் காமிக்ஸில் வந்த ஏஜெண்ட் காரிகனை நினைவிருக்கிறதா? அந்தத் தொடரை 1934-இல் ‘சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9’ என்று எழுதித் தொடங்கியவர் டாஷியல் ஹாமெட். பிங்கர்டன் நிறுவனத்தில் நிஜமாகவே துப்பறிந்தவர். எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட் தொலைந்தால்கூட கேஸ் என்னிடம் வராது. முதல் சந்தேக நபரே நான்தான்.

டார்வின் குக் 2009-இல் வரைந்த ‘த ஹண்டர்’ கட்டாயம் படிக்க வேண்டியது. ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் டொனால்ட் வெஸ்ட்லேக் 1962-இல் எழுதிய நாவல்தான் மூலம். கறுப்பும் ஒரு மங்கிய நீலமும் மட்டுமே நிறங்கள். நாயகன் பார்க்கர், ஒரு பாலத்தில் நடந்து நியூயார்க்குக்குள் நுழையும் பக்கங்களில் பேச்சு மூச்சு கிடையாது. கூட்டாளி ஏமாற்றியதில் அவனுடைய பங்கு 45,000 டாலர் ஒரு பெரிய கும்பலின் கைக்குப் போய்விட்டது. வாடகைக்காரன் வீட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதுபோல, அந்தக் கும்பலின் ஒவ்வொரு பெரிய மனிதரிடமும் அதையே கேட்டுப் படியேறுகிறான். நானும் ஒரு காலத்தில் அப்படி ஏறியிருக்கிறேன். வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது என்று கழித்து எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று கிடைத்தது.

ஃபிராங்க் மில்லரின் ‘சின் சிட்டி’ (1991) கறுப்பு வெள்ளையில் கண்ணைப் பறிக்கும். அதில் வரும் பெண்கள்தான் ஆண்களின் பகல் கனவுபோல இருக்கிறார்கள். மலை மாதிரி இருக்கும் மார்வ் துப்பாக்கி எடுக்க அம்மா வீட்டுக்குப் போகிற இடத்தில் மட்டும் எனக்கு அவன் சொந்தக்காரனாகத் தெரிந்தான்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு, எட் புரூபேக்கர் எழுதி ஷான் ஃபிலிப்ஸ் வரைந்த ‘கிரிமினல்’. 2006-இல் வந்த முதல் கதையின் தலைப்பு ‘கோழை’ என்று பொருள்படும். “அப்பா, உங்களைப் பத்தின புக்கா?” என்றாள் மகள். நாயகன் லியோ கொள்ளைக்குத் திட்டம் போடுவதில் மன்னன். திட்டம் பிசகினால் முதலில் ஓடுகிறவனும் அவன்தான். வீட்டிலோ அப்பாவின் பழைய கூட்டாளியை, மறதி நோயும் போதைப் பழக்கமும் உள்ள கிழவரை, வைத்துப் பார்த்துக்கொள்கிறான். துப்பாக்கிச் சண்டைகளைப் புரட்டிவிட்டேன். அந்தக் கிழவரோடு அவன் படும் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிரையன் அஸரெல்லோ, எட்வர்டோ ரிஸ்ஸோ கூட்டணியின் ‘100 புல்லட்ஸ்’ 1999 முதல் 2009 வரை சரியாக நூறு இதழ்கள் வந்தது. கிரேவ்ஸ் என்கிற கிழவர் ஒரு பெட்டி தருவார். உள்ளே உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவர் யார் என்பதற்கு ஆதாரம், ஒரு துப்பாக்கி, நூறு தோட்டாக்கள். அந்தத் தோட்டாவைக் கண்டால் போலீஸ் விசாரணையை அப்படியே மூடிவிடும்.

நானும் ஒரு பட்டியல் போட்டேன். முதல் பெயர் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். தண்ணீர் லாரிக்குச் சொல்கிறவர் அவர்தான் என்பது ஞாபகம் வந்ததும் அடித்துவிட்டேன். அடுத்தவர் என் வண்டி நிற்கும் இடத்தில் காரை நிறுத்துகிறவர். அவருடைய மாமியார்தான் எங்களுக்கு மாவடு தருகிறார். அதற்குப் பிறகு பட்டியல் நகரவில்லை.

மனைவியிடம் கதையைச் சொன்னேன்.

“பெட்டி தோலா, ரெக்ஸினா? தோல்னா இன்ஷூரன்ஸ் பத்திரமெல்லாம் வெச்சுக்கலாம்” என்றாள். “அது கெடக்கட்டும், இந்தப் புஸ்தகம் என்ன விலை?”

இருநூறு ரூபாய் என்றேன். அவள் பின்னட்டையைத் திருப்பினாள்.