மூக்கை நம்பினோர் கைவிடப்படுவார்

கேள்வி: எண்ணூர்க்காரனுக்கு கேஸைப் பற்றிப் பாடம் வேண்டுமா? எது எந்தக் கம்பெனி நாற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வோம். பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டப் போகிறேன். கசிந்தால் எனக்குத் தெரியாதா? (எர்ணாவூர் வாசகர்)

பதில்: உங்கள் மூக்கின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தெருவுக்கு ஓடவைத்தது மூக்கெரிச்சலும் மூச்சுத்திணறலும்தான். ஆனால் வாசனை உள்ளவனைத்தான் மூக்கு பிடிக்கும். சிலிண்டர் கேஸுக்கே சொந்த வாசனை கிடையாது என்று சொல்லிவிடலாம். கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். கேஸ் எரியும்போது அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்துவிடும். அதன் பிறகு, எரிவதற்குக் காற்று போதாவிட்டால் பிறப்பது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணெரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல். ‘வெறும் வயிற்றில் குளித்தது பித்தமாகிவிட்டது’ என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள் கால் துவண்டுவிடும். தாழ்ப்பாள் வரை கை எட்டாது. 2023 மார்ச்சில் ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன ஒரு தம்பதி, உத்தரப் பிரதேசத்தின் முராத்நகரில் பாத்ரூமிலேயே இறந்துபோனார்கள். கேஸ் கீசர்தான் காரணம் என்று போலீஸ் சந்தேகித்தது. ஆகவே கசிகிற கேஸை உங்கள் மூக்கிடம் ஒப்படையுங்கள், ஆட்சேபம் இல்லை. நான் பயப்படுவது கசியாமல் எரிகிற கேஸுக்கு.

கேள்வி: எரிகிற கேஸில் விஷம் வருமென்றால், முப்பது வருஷமாக கிச்சனில் நிற்கும் என் மனைவிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? (கத்திவாக்கம் வாசகர்)

பதில்: முப்பது வருஷமாக அங்கே நிற்பது யார் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. இனி கணக்குக்கு வருவோம். கடையில் விற்கும் சாதாரண கேஸ் கீசர் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும். அதற்கு வேண்டிய சக்தி சுமார் 10 கிலோவாட். உங்கள் வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் தருவது இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதாவது நாலைந்து பர்னரை ஒன்றாகப் பற்றவைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்று சோப்புப் போடுகிறோம். பத்து நிமிஷக் குளியலில் சுமார் 170 கிராம் கேஸ் எரியும். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். 170 கிராமுக்கு இரண்டரை கிலோ, அதாவது இரண்டு கன மீட்டருக்கும் மேல். நாலுக்கு ஆறு அடி பாத்ரூமில், எட்டு அடி உயரத்துக்கு, இருக்கிற காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். வெளிக்காற்று வராத அறையானால், ஒரே குளியலில் அதன் ஆக்சிஜனில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. தீயும் அதுவரை நல்லபடியாக எரிந்துகொண்டிருக்காது. ஆக்சிஜன் குறையக் குறைய, கார்பன் டையாக்ஸைடாக வேண்டியது பாதியிலேயே நின்று மோனாக்ஸைடாகிறது. முதலில் குளித்தவர் ‘லேசாகத் தலை வலிக்கிறது’ என்று துண்டோடு வெளியே வருவார்; இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் மிச்சமெல்லாம் பரிமாறப்படும். நம் நாட்டு டாக்டர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் கிச்சனிலோ தீ சிறியது, கதவு திறந்திருக்கிறது, ஹாலில் இருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் உங்கள் மனைவியைக் காப்பாற்றியது அந்தத் திறந்த கதவு.

கேள்வி: அப்படியானால் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிறேன். என் கீசரில் ஆட்டோ கட்-ஆஃப் வேறு இருக்கிறது. போதாதா? (தாழங்குப்பம் வாசகர்)

பதில்: எண்ணூரில் ஜன்னலைத் திறந்து வைப்பவர் யார், சொல்லுங்கள். நிலக்கரித் தூசி, அனல் மின் நிலையச் சாம்பல், ராத்திரி வரும் பெயர் தெரியாத நாற்றம், இவற்றோடு கொசு. இந்த ஊர் ஜன்னலை மூடக் கற்றுக்கொண்டது சோம்பலால் அல்ல. வெளியே அமோனியா வந்தால் ஜன்னலை அடைத்து ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள்வது சரியான காரியம்தான். ஆனால் உள்ளே தீ எரியும்போது அதே பழக்கம் ஆளைக் கொல்லும். வெளி விஷத்துக்கு மூடு, உள் விஷத்துக்குத் திற என்று இரண்டு எதிரெதிரான சட்டங்களை ஒரே வீட்டில், மார்கழிக் குளிரில், விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் எழுந்தவர் தினமும் நினைவு வைத்திருக்க வேண்டும் என்பது நடக்கிற கதையா? ஒருவருடைய ஞாபகத்தில் தொங்குகிற பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளும், சரி. கதவடைத்த அறைக்குள் புதுக் காற்று எந்த வழியாக வரும்? கீசருக்குப் புகைக்குழாய் இருந்தால் அதன் வழியாகவே, எரிந்த புகையோடு சேர்ந்து திரும்பி வரலாம். மலிவான கீசர்கள் பலவற்றில் அந்தக் குழாயே கிடையாது. தலையில் நாலு ஓட்டை, புகை நேராக உங்கள் மேல். ஆட்டோ கட்-ஆஃப் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும். தீ அணையாமல் அரைகுறையாக எரிந்தால் அதற்குத் தெரியாது. சிலவற்றில் இருபது நிமிஷ டைமர் உண்டு, ஆனால் நம் கணக்கில் பத்து நிமிஷமே அதிகம்.

கேள்வி: லண்டனில் என் மகள் வீட்டில் ‘காம்பி பாய்லர்’ கிச்சன் அலமாரிக்குள்ளேயே இருக்கிறதாம். வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா? (திருவொற்றியூர் வாசகி)

பதில்: ஆகியிருக்கிறது அம்மா, அங்கேயும் செத்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் பிரிட்டன் விதிகள்படி, அறைக் காற்றைத் தொடாத மூடிய கருவி தவிர வேறெந்த கேஸ் கருவியையும் பாத்ரூமில் புதிதாகப் பொருத்தக் கூடாது. உங்கள் மகள் வீட்டு பாய்லர் அறைகளையும் சூடாக்கும், குழாய்த் தண்ணீரையும் சூடாக்கும். இன்றைய பாய்லர்கள் எரிவதற்கான காற்றைச் சுவருக்கு வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும். வீட்டுக்குள் இருக்கும் மூச்சுக்காற்றில் ஒரு மடக்கைக்கூட அது எடுத்துக்கொள்வதில்லை. ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவர்தான் அதைப் பழுது பார்க்கலாம். வாடகை வீடானால் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்து சான்றிதழ் தருவது வீட்டுக்காரரின் கடமை. பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்த முள் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் நிற்க வேண்டும், கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும், மூடியை மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு நெருங்கக் கூடாது. இந்த மூன்றையும் போனில் சொல்லிவிடுங்கள். மூன்றாவதை மாப்பிள்ளையிடமே சொல்லுங்கள்.

கேள்வி: காமராஜர் துறைமுகத்திலேயே எல்.என்.ஜி. டெர்மினல் வந்துவிட்டது. பைப் கேஸ் பாதுகாப்பானது என்கிறார்களே, அதை பாத்ரூம் கீசருக்குக் கொடுக்கலாமா? (மணலி வாசகர்)

பதில்: டெர்மினல் 2019-இல் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவு, பெருமைப்படலாம். பைப் கேஸ் காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் கனம், தரையில் தேங்கும். அந்த அளவுக்குப் பைப் கேஸ் மேல். ஆனால் அதுவும் எரிய, தன்னைப்போல் பத்து மடங்கு காற்று வேண்டும். கிடைக்காவிட்டால் அதே விஷம்தான். தவிர, சிலிண்டருக்கென்று செய்த கீசரை அப்படியே பைப்பில் மாட்டக் கூடாது, ஜெட் வேறு.

கேள்வி: எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்களே, மார்கழியில் அப்பாவுக்குச் சுடுதண்ணி எப்படித் தருவது? (சின்னக்குப்பம் வாசகி)

பதில்: கீசரை வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? பாத்ரூமுக்குள் வேண்டாம் என்கிறேன். காற்றோட்டமுள்ள திறந்த தாழ்வாரத்திலோ வெளிச்சுவரிலோ, மழை படாதபடி மாட்டுங்கள். சூடான தண்ணீர்க் குழாய் மட்டும் பாத்ரூமுக்குள் போகட்டும். உப்புக்காற்று பர்னரை அரிக்கும் ஊர் இது, ஆகவே கார்த்திகையிலேயே சர்வீஸ் செய்துவிடுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் நிறுத்துங்கள். இடமே இல்லாத வீட்டில் அடுப்பில் ஒரு பானை வெந்நீர் போதும், அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள் பிளம்பரைக் கூப்பிட்டு வெளியே மாற்றுங்கள். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டால் கதவை உடைத்து, வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, கேஸை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக ‘கேஸ் கீசர்’ என்று சொல்லுங்கள்; விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தை ஆக்சிஜன் என்றே எண்ணி, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும்.