கட்டாயமா, காலியா? – கேள்வி பதில்

கேள்வி (வண்டன்மேடு): ஏலக்காய் ஏலத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். 'லாட்' டேபிளில் விவசாயி, ஏல நிறுவனம், வாங்குபவர் என்று மூன்று ஃபாரின் கீ. மூன்றையும் கட்டாயமாக்கிவிடலாமா?

பதில்: புற்றடியிலோ போடியிலோ ஏலம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். காய் யாருடையது என்று தெரியாமல் லாட் நம்பரே போட மாட்டார்கள். ஆனால் விலை கட்டுபடியாகவில்லை என்று விவசாயி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டால், வாங்குபவருக்கு எங்கே போவீர்கள்? முதல் இரண்டும் 'நாட் நல்'. மூன்றாவது காலியாக இருக்கலாம். ரெக்கார்டு பிறக்கும்போதே கூட வர வேண்டிய உறவுக்கு மட்டும்தான் கட்டாயம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எனக்கு நல் என்றாலே அலர்ஜி. 'யாருமில்லை' என்று ஒரு டம்மி ஆளைச் சேர்த்து, விற்காத லாட்டையெல்லாம் அவர் தலையில் கட்டினால்?

பதில்: சீசன் முடிந்து, அதிகம் கொள்முதல் செய்தவர் பட்டியலை எடுப்பீர்கள். முதலிடம் திருவாளர் யாருமில்லைக்கு. அடுத்து ஆடிட்டர் அவருடைய ஜி.எஸ்.டி. நம்பரைக் கேட்பார்.

கேள்வி (குமுளி): ஹைபர்னேட்டில் வாங்குபவர் உறவுக்கு 'ஆப்ஷனல் ஃபால்ஸ்' போட்டேன். பழைய லாட்டுகளில் சில திரையிலேயே காணவில்லை. எரரும் இல்லை. பேய் வேலையா?

பதில்: ஜாயின் வேலை. நீங்கள் கட்டாயம் என்று சொன்னதை அது அப்படியே நம்பி, லெஃப்ட் அவுட்டர் ஜாயினுக்குப் பதிலாக இன்னர் ஜாயின் போட்டிருக்கும். ஃபாரின் கீ நல்லாக உள்ள ரெக்கார்டுகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். டேட்டாபேஸ் நல்லை அனுமதிக்க, கோட் மட்டும் 'கட்டாயம்' என்று சத்தியம் செய்யக் கூடாது. உங்கள் லாட் விற்காமலும் போகும் என்பதால் ஆப்ஷனல் ட்ரூவே சரி.

கேள்வி (மறையூர்): வெல்ல வியாபாரத்துக்கு ஜாங்கோவில் எழுதினால், ஒவ்வொரு ஃபாரின் கீக்கும் 'ஆன் டெலீட் என்ன?' என்று நச்சரிக்கிறதே?

பதில்: 2.0 பதிப்பிலிருந்து அதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு சொல்லாமல் விட்டால் 'கேஸ்கேட்'. வியாபாரியின் பெயரை நீக்கினால் அவருடைய பில்களும் கூடவே போய்விடும். 'செட் நல்' போட்டால் பில் மிஞ்சும், பணம் தர வேண்டியவர் யார் என்பது போய்விடும். இரண்டிலும் கடன்காரருக்குத்தான் லாபம். 'புரொடெக்ட்' போடுங்கள். பாக்கி வைத்தவரை அழிக்கவே விடாது.

கேள்வி (மீனாட்சிபுரம்): பால் சொசைட்டிக்குத் தலைவர் கட்டாயம். தலைவர் ஓர் உறுப்பினர். உறுப்பினருக்கு சொசைட்டி கட்டாயம். யாரை முதலில் சேர்ப்பது?

பதில்: போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் ஃபாரின் கீ சோதனையை 'கமிட்' வரை தள்ளிப்போடலாம். இரண்டு ஐடியையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரே மூச்சில் இருவரையும் ஏற்றலாம். அதைவிட எளிய வழி, தலைவர் கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பது. தேர்தல் முடியும்வரை நிஜத்திலும் நாற்காலி காலிதானே!

கேள்வி (தேவிகுளம்): பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். எஸ்டேட் லயத்தில் வாழ்ந்த தாத்தாவுக்குப் பட்டா ஏது? இதுவும் 'நாட் நல்' தானா?

பதில்: ஆமாம், ரொம்பக் கறாரான நாட் நல். பட்டியல் சாதியினருக்கான உங்கள் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற ஏ. ராஜாவே இதில் மாட்டினார். அவர் கேரளத்தில் பட்டியல் சாதியில் வருவாரா என்ற வழக்கில், அவர் வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. செல்லும் என்று 2025 மேயில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லயம் கம்பெனி கட்டிடம்; அதில் தொழிலாளி பெயருக்குப் பட்டா வராது. பட்டா கட்டம் நல்லாக இருப்பதால் தாத்தா இங்கே வாழவில்லை என்று ஆகிவிடாது. நான் டேபிள் போட்டால் பட்டா, எஸ்டேட் பதிவேடு, பள்ளிச் சேர்க்கை என்று தனித்தனியாக வைத்து, எல்லாவற்றுக்கும் நல் அனுமதித்து, 'ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்' என்று ஒரே ஒரு செக் போடுவேன். எல்லாக் கட்டமும் காலி என்றால் அப்போது விசாரணைக்குக் கூப்பிடட்டும்.