ஓரி அண்ணன்

நீங்கள் கை கொடுக்க நீட்டிக்கொண்டு நிற்பீர்கள். அதற்குள் அவர் உங்கள் மோட்டார் பக்கத்தில் குந்தியிருப்பார். "சௌக்கியமாண்ணே?" என்று கேட்டால் பதில் இஞ்சினுக்கு அடியிலிருந்து வரும்: "இருக்கேன், இருக்கேன். தம்பி, கோவிச்சிக்காதே. இந்த சைட் கவர் ஓரி இல்ல." ஓரி என்றால் ஒரிஜினல்; மற்றதெல்லாம் காப்பி.

யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து தே தாரிக் குடிக்கும் இடத்தில் இவரிடம் மாட்டாதவர் கிடையாது. புக்கிட் ரோத்தானில் ஒருவர் இருக்கிறார், தஞ்சோங் காராங்கில் ஒருவர். ஈஜோக்கில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வண்டியை மற்றவர் சோதித்துப் பார்த்த நாளிலிருந்து இரு குடும்பத்துக்கும் போக்குவரத்து இல்லை. இவர்களில் எவரையும் மனத்தில் வைத்து நான் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். வயது ஐம்பத்தெட்டு, முன்வழுக்கை, செம்பனை ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு, வலது முழங்காலில் வலி. இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

முழங்கால் வலி குந்திக் குந்தி வந்தது. டாக்டர் குந்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அவர் கிளினிக் வாசலில் நின்ற வண்டியைப் பற்றி இவர் சொன்னதையும் கேட்டிருக்கிறார்.

சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான்கள்: பழைய பல் பிரஷ், சின்னக் காந்தம், படிக்கும் கண்ணாடி. பிரஷ்ஷால் சேற்றைத் தேய்ப்பார். காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு யமஹாவின் மூன்று இசைக்கவை முத்திரையைத் தேடுவார். பாகத்தின் நம்பர் 55கே என்று தொடங்கினால் ஜாதகம் பொருந்திய பெண்ணைப் பெற்றவர் மாதிரி முகத்தில் ஒரு தெளிவு வரும். பெரும்பாலும் வராது. எழுந்து, முழங்காலைத் தட்டி, மெல்லிய குரலில், செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்கிற அக்கறையோடு, "கோவிச்சிக்காதே" என்று ஆரம்பிப்பார்.

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கல்யாணம். (அவர் காதுபட அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்ல வேண்டும். 2007இல் மாற்றிய பெயர் ஓரி இல்லை.) மாப்பிள்ளை எங்கள் ஆர்எக்ஸ்இசட் சங்கத்துப் பையன். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை எல்லாம் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குத் தன் ஆர்எக்ஸ்இசட்டிலேயே வந்து இறங்கினான். பின்னால் இருபது வண்டி, நாதஸ்வரத்தை அமுக்கிக்கொண்டு டூ ஸ்ட்ரோக் சத்தம், நீலப் புகை. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். கூட்டத்திலிருந்து நம் அண்ணன் விடுவிடுவென்று வந்து மாப்பிள்ளையின் காலடியில் குனிந்துவிட்டார். தகப்பன் வயது மனிதர் காலில் விழுகிறாரே என்று மாப்பிள்ளை பதறிப் பின்வாங்கினான். பெண்ணின் தாய்மாமன் ஓடிவந்து, "ஐயா, என்னங்க இது, எழுந்திரிங்க" என்று தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையில் பிரஷ் இருந்தது. மூன்று நிமிடம் ஆரத்தி நின்றது. பிறகு நிமிர்ந்து, மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்லி, சட்டைப் பையில் ஐம்பது வெள்ளி மொய்க்கவரைச் செருகிவிட்டுப் பந்திக்குப் போனார். மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பெண் வீட்டார் என்னவோ ஏதோ என்று கலங்கிப்போனார்கள். விசாரித்தால், முன் டிஸ்க் பிரேக்கின் பம்ப் ஓரி இல்லையாம்.

புக்கிட் மெலாவாத்தியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வரிசையாக வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நீளவால் குரங்கு ஒன்று ஒரு வண்டியின் சிக்னல் லைட்டைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது. பையன் அழாத குறை. அண்ணன் கீழே சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் துண்டைப் பொறுக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "விடு தம்பி, காப்பிதான்" என்றார். அவர் ஆறுதல் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி அவர் வண்டியைப் பார்ப்போம். பார்க்க மட்டும்தான் முடியும். அது நடுக்கூடத்தில், சாமிப் படங்களுக்கு வலப்பக்கம், போர்வை போர்த்தி நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைத்ததும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வார். சாம்பிராணிப் புகையும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய்ப் புகையும் கலந்து வீடு நிறையும். அவர் வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடி போர்வை.

ஓட்டாமல் வைத்திருப்பதற்குக் காரணம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கணக்குச் சொல்வார், அதுவும் சரியான கணக்காக இருக்கும். இந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 54, கொள்ளளவு 133 சிசி. ஓட ஓடச் சிலிண்டர் சுவர் தேயும். தேய்ந்தால் பட்டறையில் கொடுத்துக் கால் மில்லிமீட்டர் குடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். இப்படி 25, 50, 75, 100 என்று நாலு தடவை. ஒரு மில்லிமீட்டர் குடைந்தாகிவிட்டால் அந்த பிளாக்குக்கு வேறு ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். நாலாவது குடைச்சலில் 133 சிசி ஏறக்குறைய 138 ஆகிவிடும். "அது வேற வண்டி தம்பி" என்பார். ஆக, ஓட்டினால் ஓரி தேயும். ஓரியாக இருக்க வேண்டுமானால் ஓட்டக்கூடாது. ஓட்டாத வண்டிக்காரர்களின் சங்கத்துக்குச் செகிஞ்சான் கடற்கரை வரை கொன்வோய் எதற்கு என்று நான் ஒரு நாள் கேட்டேன். அன்றும் அவர் என் வண்டிக்கு அடியில்தான் இருந்தார்.

யமஹா 1980களின் நடுவில் மலேசியாவுக்குக் கொண்டுவந்த இந்த ஆறு கியர் வண்டி 2011இல் நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ ஸ்ட்ரோக்குக்கு இடமில்லாமல் போனது. நின்ற பிறகுதான் விலை ஏறியது, மதிப்பும் ஏறியது, அண்ணன்மார்களும் முளைத்தார்கள். வண்டி கடையில் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் எவர் வண்டிக்கு அடியிலும் குனிந்ததில்லை. தோட்டத்துப் பையன்கள் முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி, தங்கள் அண்ணன் பெயரில் கெரான் (பதிவுப் பத்திரம்) எடுத்து, மறுவாரமே எக்ஸோஸைக் கழற்றி வேறு மாட்டினார்கள். அன்று ஓரியை வைத்துக்கொண்டிருப்பவன் கஞ்சன் என்று பெயர் வாங்கினான்.

சங்கத்தின் எதிர்காலம் என்று ஒரு பொருளை ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எடுத்து வைக்கிறோம். பெட்ரோல் வண்டியே போய் மின்சார வண்டி வருகிறதே, இளைஞர்கள் ஒய்15 வண்டிப் பக்கம் போகிறார்களே, ஸ்பேர்பார்ட் கிடைக்கவில்லையே என்று பேசுகிறோம். எல்லாம் உண்மையான கவலைதான். ஆனால் அந்தக் கவலைகளோடு வருகிற பையன் முதலில் சந்திப்பது மின்சார வண்டியை இல்லை, இவரை. கேரித் தீவிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கடன் வாங்கி வண்டி எடுத்து, ஷாப்பியில் வாங்கிய டேங்க் கவரை இரவெல்லாம் பூட்டி, ஆசையாக வந்து நிற்பான். பிரஷ் வெளியே வரும். அடுத்த தே தாரிக் கூட்டத்துக்கு அவன் வரமாட்டான்.

இங்கிலாந்தில் வின்சென்ட் என்று ஒரு மோட்டார் சைக்கிள். 1955இல் தயாரிப்பு நின்றுபோனது. எழுபது ஆண்டாகியும் உரிமையாளர் சங்கம் உயிரோடு இருக்கிறது. அவர்கள் செய்த காரியம் ஒன்று: பாகங்கள் தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும் சங்கத்துக்காரர்களே ஒரு கம்பெனி வைத்து, புதிதாகப் பாகங்களை வார்த்துக் கடைந்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பாகங்களை மட்டுமே வைத்து முழுசாக ஒரு வின்சென்ட்டையே பூட்டி நிறுத்தியும் காட்டினார்கள். இதை நான் கூட்டத்தில் விலாவாரியாகச் சொன்னேன். நாமும் கிள்ளான் பட்டறைக்காரர் யாரையாவது பிடித்து, சங்கப் பணத்தில் சைட் கவராவது அச்சு எடுக்கலாம் என்றேன். கைதட்டல்கூட வந்தது. அண்ணன் கையை உயர்த்தினார்.

"அந்த இங்கிலீஷ்காரன் பூட்டின வண்டி... அது ஓரி இல்லையே?"

தீர்மானம் தோற்றது.

மைசூரில் ஜாவா ஆலை 1996இல் மூடியதையும், மஹிந்திரா பின்னணியில் 2018இல் அந்தப் பெயர் திரும்பி வந்ததையும் சொல்லிப் பார்த்தேன். பெயர் ஓரி, வண்டி ஓரி இல்லை என்றார். 2024 ஆகஸ்டில் திரெங்கானுவின் கோங் படாக்கில் நாடு முழுக்க இருந்து ஆர்எக்ஸ்இசட்காரர்கள் பல்லாயிரம் பேர் திரண்டபோது அவரும் போனார், என் காரில். வழியெல்லாம் போலீஸ், ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா, சம்மன்; விபத்துகளும் நடந்தன. செத்துப்போன வண்டி என்றவர்கள் வாயடைத்துப்போன கூட்டம் அது. திரும்பி வரும்போது அவர் முகம் தொங்கியிருந்தது. "மூணாவது வரிசைகூட முடிக்க முடியல. எல்லாம் தாய்லாந்துச் சரக்கு" என்றார்.

ஓரி ஓரி என்கிறாரே, இந்த வட்டாரத்தில் எதுதான் ஓரி? ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை ஆப்பிரிக்கச் சரக்கு. இதோ பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டார்கள். நட்டவர் பிரெஞ்சுக்காரர். களை எடுத்த நம் தாத்தா சேலத்துக்காரர். தேடிப் பார்த்தால் கம்போங் குவாந்தான் மின்மினிகளும் அந்த சிக்னல் லைட் திருடனும்தான் தேறுவார்கள்.

ஆனாலும் அந்த மனிதரை ஒரேயடியாக வெறுக்க முடிவதில்லை. வண்டிக்கு அடியில் குனிந்தபடி அவர் இன்னொன்றும் பேசுவார். "இது மேரி தோட்டத்து லோரி டிரைவர் மகன் வாங்கினது. அவன் நைஜல் கார்ட்னர் தோட்டத்துல பெண்ணெடுத்தான். மச்சானுக்குக் கொடுத்தான், அவன் சுங்கை திங்கிக்காரனுக்கு வித்தான்." பிளேட் நம்பரைச் சொன்னால் போதும், மூன்று கைகளின் வரலாறு வரும். அந்தத் தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, சனங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறிப் பல காலமாகிறது. தீமிதிக்கு மட்டும் ஷா ஆலம் தொழிற்சாலைகளிலிருந்து பையன்கள் இந்த வண்டிகளில் திரும்பி வருவார்கள். இரண்டு கட்டை தூரத்தில் சத்தம் கேட்கும்போதே அம்மாக்கள் உலையில் கூட ஒரு படி அரிசி போடுவார்கள் என்று அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் கமறும். நமக்கும் ஏதோ செய்யும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் காந்தத்தை ஒட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் இருந்தால்தான் சங்கம். முழு ஓரி வண்டி வைத்திருப்பவருக்கே ஓட்டுரிமை என்று எங்கள் சங்க விதிகளுக்கு அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். அது நிறைவேறினால் எங்களில் ஓட்டுரிமை உள்ளவர் ஒருவர்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், உள்கணக்காய்வாளர் எல்லாம் அவரே. அந்த ஏழு சேருவதற்கு அவரும் அவர் வண்டியும் கணக்கானாலும் இன்னும் ஐந்து குறையும். அதைச் சொன்னால், எண்ணிக்கை முக்கியமில்லை, தரம்தான் முக்கியம் என்கிறார். சங்கத்தைக் கொல்வதற்கு மின்சார வண்டி இத்தனை தூரம் வர வேண்டியதே இல்லை.

கடைசியாக ஒன்று. இது பொதுவாகச் சொல்வது இல்லை. அண்ணே, போன தீபாவளிக்கு முன்னால், ஓரியா காப்பியா என்று நிதானமாக வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று என் கார்ப்ரேட்டரைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். காப்பிதான் என்று மறுநாளே போன் செய்து சொல்லிவிட்டீர்கள். சரி, காப்பிதான். அப்புறம் அது எதற்கு உங்கள் வீட்டு அலமாரியில், துடைத்து, எண்ணெய் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி இருக்கிறது? என் வண்டி மழையில் நிற்கிறது. இந்தச் சனிக்கிழமை அக்காவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். நட்டு இரண்டும் சேர்த்து.