பாரியின் தேரும் படிவம் 29-ம்

உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களின் சமூகத்திற்கு,

முதலில் நன்றி. என் கையெழுத்தை எனக்கே போடத் தெரியாது என்ற உண்மை, காரை விற்றுவிட்டேன் என்று சொல்லத் தங்கள் அலுவலகக் கவுண்டருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "ஆர்.சி. எடுத்தப்போ போட்ட கையெழுத்து மாதிரி இல்லையே சார். அப்படி ஓரமா நின்னு போட்டுப் பழகிட்டு வாங்க" என்று ஒரு வெள்ளைத் தாளையும் தந்தார் தங்கள் ஊழியர். வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, ரிட்டையர் ஆன வாத்தியாரான நான் ஜன்னலோரம் நின்று என் பெயரை எழுதிப் பழகினேன். வாசல் புங்கமரத்தடி புரோக்கரின் பையன் வந்து, தாளை வாங்கி, ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினான். அச்சு அசல். எனக்கே பொறாமையாக இருந்தது.

கையெழுத்துத் தேறியதும் அடுத்த கேள்வி: "வாங்கினவர் வரலியா?"

வாங்கினவர் வருகிறவராக இருந்தால் நான் ஏன் ஐயா வருகிறேன்? படிவம் 29, படிவம் 30, சேஸிஸ் நம்பர் மேல் பென்சில் தேய்த்து எடுத்த தாள், எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு வண்டியோடு போனவர், போனவர்தான். விற்றவன் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 50ஆவது பிரிவு. அந்த 14 நாளுக்குள் வந்தேன், சர்வர் படுத்திருந்தது.

பறம்பு மலைப் பாரியின் நிலைமை எனக்கு இப்போதுதான் புரிகிறது. முல்லைக்குத் தேரைக் கொடுத்தானே, படிவம் 29 கொடுத்தானா? முல்லை ஓ.டி.பி. சொன்னதா? தேரடியில் குனிந்து பென்சில் தேய்த்தது யார்? கபிலரே சாட்சிக்கு வந்திருந்தாலும், ஓரமாக நின்று பழகிவிட்டு வரச் சொல்லியிருப்பீர்கள். தங்கள் பதிவேட்டில் அந்தத் தேர் இன்றும் பாரி பெயரில்தான் இருக்கும். மூவேந்தர் முற்றுகை என்கிறார்களே, அதுகூட இ-சலான் பாக்கி வசூலாக இருந்திருக்கலாம்.

எனக்கும் சலான் வந்தது. படம் வெகு தெளிவு. என் முன்னாள் காரை ஓட்டுகிறவர் சீட் பெல்ட் போடவில்லை. பின்சீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்க்கிறது, அதுவும் போடவில்லை. அபராதம் 1,000 ரூபாய், என் பெயருக்கு. பாரி தேர் கொடுத்த முல்லையாவது நின்ற இடத்தில் நின்றது. நான் கார் கொடுத்த முல்லை ஊர் ஊராகச் சுற்றுகிறது.

ஆனால் ஐயா, அந்த வண்டி நாளைக்கு யார் மேலாவது ஏறினால்? பதிவேட்டில் எவர் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று சொல்ல வருகிறவனுக்குச் சீல் குத்தி ஒரு ரசீது தர என்ன கேடு? 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டியவன் வரவில்லை என்றால் அவனைத் தேட வேண்டியது நானா? சலான் அனுப்ப மட்டும் கம்ப்யூட்டர் ஒரு நாளும் படுப்பதில்லையே!

மன்னிக்க வேண்டும். வெயில். தங்கள் அலுவலக வராண்டாவின் மின்விசிறி மட்டும் சுற்றியிருந்தால் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை நான். கொடுத்ததைக் கொடுத்தவனுக்கே திருப்பித் தருகிற வள்ளன்மை பாரிக்கும் வாய்க்காதது, தங்களுக்கு வாய்த்திருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். வண்டி என்னுடையதுதான் என்று தாங்கள் இவ்வளவு உறுதியாக இருப்பதால், அது இப்போது எங்கே நிற்கிறது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருத்தணி போக வேண்டும். டாக்சிக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார். ஆட்டுக்குட்டியை மட்டும் இறக்கிவிட்டு அனுப்பச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி உரிமையாளர்